அவதாரின் மூக்கு ஏன் பெரிதாகத் தெரிகிறது? செகண்ட் லைஃபில் படம் எடுக்கத் தொடங்குவோருக்குப் பார்வைக் கோணம்

சித்தி மகன் பெங்களூர் முருகேஷ்பாளையாவில் ஒரு பேயிங் கெஸ்ட் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறான். மாதத்தில் ஒரு ஞாயிறு அவனுக்கு அல்சூரில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. போன முறை வந்தவன் வத்தக்குழம்பைக்கூடச் சரியாகத் தொடவில்லை. கை கழுவிய ஈரத்தோடு லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் வைத்தான்.

"அக்கா, செகண்ட் லைஃப்ல என் அவதாருக்கு வாங்கின இந்தத் தலையைப் பாரு. ஆயிரம் ரூபாய்க்கு மேல குடுத்து வாங்கினது. கடை போட்டோவுல ஹீரோ மாதிரி இருக்கான். நான் எடுத்தா மூக்கு மட்டும் கத்திரிக்கா மாதிரி முன்னாடி வந்து நிக்குது. தலை சரியில்லையா, என் கிராபிக்ஸ் கார்டு சரியில்லையா?"

"ரெண்டும் நல்லாத்தான்டா இருக்கு. நீதான் ரொம்பக் கிட்டப் போய் நிக்கிற."

"நான் எங்க நிக்கிறேன்? ஜூம்தானே பண்ணினேன்!"

செகண்ட் லைஃபில் படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இடறுவார்கள். 2003இல் லிண்டன் லேப் திறந்துவிட்ட மெய்நிகர் உலகம் அது. அங்கே ஜூம் என்ற பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸை இழுத்தால் ஒன்று நடக்கும். கன்ட்ரோலோடு 0 அடித்தால் இன்னொன்று நடக்கும். இரண்டிலும் அவதார், அதாவது அந்த உலகில் நம் உருவம், பெரிதாகத்தான் தெரியும். ஆனால் முதலாவதில் கேமரா உண்மையிலேயே நடந்து அவதாரின் முகத்தருகே போகிறது. இரண்டாவதில் கேமரா நின்ற இடத்திலேயே நிற்கிறது, அது பார்க்கும் கோணம் மட்டும் குறுகுகிறது. இந்தக் கோணத்தைத்தான் ஃபீல்ட் ஆஃப் வியூ என்கிறார்கள். நான் இங்கே பார்வைக் கோணம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முகம் எப்படித் தெரியும் என்பது கேமரா நிற்கும் தூரத்தைப் பொறுத்தது. கோணத்துக்கு அதில் பங்கில்லை. அந்த இடத்திலிருந்து தெரிவதில் எவ்வளவு படத்தின் சட்டத்துக்குள் வர வேண்டும் என்பதை மட்டுமே கோணம் தீர்மானிக்கிறது. இது பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் எண்களும் பொத்தான்களும்தான்.

முதலில் போனை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள்

திரையில் இதைப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் அல்சூர் ஏரிப் பக்கம் வள்ளுவர் சிலை இருக்கிறது. பதினெட்டு வருடம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிலை அது. பெங்களூர்த் தமிழர்களுக்கு அந்தக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. மழை விட்டதும் தம்பியை அங்கே கூட்டிப்போனேன்.

சிலைக்கு ஒரு இருபது மீட்டர் முன்னால் அவனை நிற்கவைத்து, இரண்டடித் தூரத்தில் நின்று சாதாரண லென்ஸில் ஒரு படம். பிறகு ஆறடிக்குப் பின்னால் போய், 3 மடங்கு ஜூம் வைத்து, அவன் முகம் அதே அளவில் வருகிற மாதிரி இன்னொரு படம். முதல் படத்தில் மூக்கும் நெற்றியும் முன்னுக்கு வந்து, காதுகள் கன்னத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. வள்ளுவர் தோளுக்கு மேலே சின்னதாக எங்கோ நின்றார். இரண்டாவது படத்தில் முகம் முகமாக இருந்தது. வள்ளுவர் ஏறக்குறைய மூன்று மடங்கு வளர்ந்து அவன் தலைக்குப் பின்னாலேயே வந்துவிட்டார்.

"சிலை கிட்ட வந்திருச்சு!" என்றான். சிலை எங்கே வந்தது! நான்தான் தள்ளிப் போனேன்.

உங்கள் போனில் இருப்பது டிஜிட்டல் ஜூம் மட்டும்தான் என்றாலும் பரவாயில்லை. படத்தின் தரம் கொஞ்சம் குறையும், மூக்கு சரியாகவே வரும்.

ஏன் செகண்ட் லைஃபில் இது இவ்வளவு உறுத்துகிறது

செகண்ட் லைஃபுக்குள் போக உதவும் மென்பொருளான வியூவரை நிறுவியதும் அதில் இருக்கும் பார்வைக் கோணம் 60 டிகிரி. இது மேலிருந்து கீழாக அளக்கும் கோணம். 16க்கு 9 என்ற அகலத் திரையில் இடமிருந்து வலமாக அளந்தால் 91 டிகிரிக்கும் மேலே போகும். கேமராக்காரர்களின் மொழியில் சொன்னால் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 21 மி.மீ. லென்ஸ் மாட்டியதுபோல. கல்யாண வீட்டில் அந்த லென்ஸை மாட்டிக்கொண்டு யாராவது மணப்பெண் முகத்தை எடுப்பார்களா? மண்டபத்தை எடுக்கத்தான் அது. நடமாடுவதற்கு, சுற்றியிருப்பதைப் பார்ப்பதற்கு, கதவில் முட்டாமல் போவதற்கு 60 டிகிரி சௌகரியம் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கோணத்தில் தலையும் தோளுமாக 60 செ.மீ. உயரத்தை நிரப்ப வேண்டுமென்றால் கேமரா அரை மீட்டரில் வந்து நின்றாக வேண்டும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே 12 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், காதைவிட மூக்கு கிட்டத்தட்ட கால் பங்கு கூடுதல் பெரிதாகப் பதிவாகும். அதே சட்டத்தை 16 டிகிரியில் எடுத்தால் கேமரா இரண்டு மீட்டருக்குச் சற்று அப்பால் நிற்கும். வித்தியாசம் ஐந்தாறு சதவீதம்தான். கண்ணுக்கே தெரியாது. தலை விற்கிற கடையின் விளம்பரப் படத்துக்கும் தம்பியின் படத்துக்கும் நடுவே இருந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி இதுதான்.

செட்டிங் எங்கே இருக்கிறது

பிரிஃபரன்சஸைத் திறந்து மூவ் அண்ட் வியூ பகுதிக்குப் போங்கள். அங்கே வியூ ஆங்கிள் என்று ஒரு ஸ்லைடர் இருக்கும். ஃபயர்ஸ்டார்ம் வியூவர் வைத்திருப்பவர்கள் ஆல்ட் விசையோடு பி அடித்தால் போட்டோடூல்ஸ் பலகை திறக்கும். படம் எடுக்கத் தேவையானதெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்பதால் நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். அவசரத்துக்கு விசைகள் போதும். கன்ட்ரோல் 0 கோணத்தைக் குறைக்கும், கன்ட்ரோல் 8 கூட்டும், கன்ட்ரோல் 9 பழைய 60 டிகிரிக்கே கொண்டுவந்துவிடும்.

துல்லியமாக வேண்டுமென்றால் கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அடித்து அட்வான்ஸ்டு மெனுவை வரவழையுங்கள். அதில் ஷோ டீபக் செட்டிங்ஸைத் திறந்து, கேமராஆங்கிள் என்ற பெயரை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடியுங்கள். 1.047 என்று ஏதோ எண் வரும். டிகிரியில் பழகியவர்களுக்கு ஒரு நிமிடம் தலை சுற்றும். அது ரேடியன் கணக்கு. டிகிரியை 0.01745ஆல் பெருக்கினால் ரேடியன் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் யார் பெருக்குவது? நான் ஒரு துண்டுத் தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன்:

1.047 – 60 டிகிரி – 21 மி.மீ. லென்ஸ் போல
0.661 – 38 டிகிரி – 35 மி.மீ.
0.471 – 27 டிகிரி – 50 மி.மீ.
0.280 – 16 டிகிரி – 85 மி.மீ.
0.177 – 10 டிகிரி – 135 மி.மீ.

முகத்துக்கு 0.28. முழு உருவம் நிற்கிற படத்துக்கு 0.47. ஆளும் அறையும் சேர்ந்து வர வேண்டுமென்றால் 0.66. என் படங்களில் முக்கால்வாசி இந்த மூன்றில் அடங்கிவிடும். 135 மி.மீ. அளவுக்குப் போவது எப்போதாவதுதான், தூரத்து மலையை ஆளுக்குப் பின்னால் இழுத்துவர.

இனி எடுத்துப் பார்க்கலாம்

அவதாரை ஒரு போஸில் நிறுத்துங்கள். சும்மா நிற்கவிட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். கூட்டமும் பொருள்களும் இல்லாத இடமாக இருந்தால் முதல் முயற்சிக்கு நல்லது.

முதலில் கோணத்தை மாற்றுங்கள், பிறகு தூரத்தை. இந்த வரிசை முக்கியம். பலர் முதலில் அருகே போய்ச் சட்டத்தை அமைத்துவிட்டு அப்புறம் கோணத்தைத் தொடுகிறார்கள். செய்த வேலையெல்லாம் போய்விடும்.

கேமராஆங்கிளில் 0.28 போட்டதும் திரை முழுக்க அவதாரின் பின்மண்டையோ சட்டைக் காலரோ வந்து நிற்கும். பயப்பட வேண்டாம். ஆல்ட்டை அழுத்தி அவதாரின் தலைமேல் கிளிக் செய்து, மவுஸை உங்கள் பக்கமாக இழுங்கள். கேமரா பின்வாங்கும். முன்பு நின்றதைப்போல நான்கு மடங்கு தூரம் போனதும் தலையும் தோளும் மறுபடி சட்டத்துக்குள் வந்து உட்காரும். மவுஸை இடம் வலமாக நகர்த்தினால் கேமரா அவதாரைச் சுற்றி வரும். கன்ட்ரோலையும் சேர்த்துப் பிடித்தால் மேலே கீழே ஏறி இறங்கும். ஷிஃப்டையும் சேர்த்தால் சட்டம் அப்படியே பக்கவாட்டில் நகரும்.

குறுகிய கோணத்தில் கை கொஞ்சம் அசைந்தாலும் படம் துள்ளும். தம்பி முதல் பத்து நிமிடம் அவதாரைத் தேடிக்கொண்டேதான் இருந்தான். நிதானமாக, சிறு சிறு இழுப்பாக இழுத்துப் பழக வேண்டும். கேமரா ஒரு எல்லைக்கு மேல் பின்னால் போக மறுத்தால், கேமரா கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் என்ற கட்டுப்பாட்டை நிறுத்தும் வசதி வியூவரிலேயே உண்டு. தேடி நிறுத்திவிடுங்கள்.

கேமராவை அவதாரின் கண் மட்டத்துக்கு இறக்க மறக்க வேண்டாம். வழக்கமான கேமரா அவதாருக்கு மூன்று மீட்டர் பின்னாலும் கொஞ்சம் உயரத்திலும் மிதக்கிறது. அதே உயரத்தில் விட்டால் முகப்படம் பால்கனியிலிருந்து எடுத்ததுபோல இருக்கும். எல்லாம் சரியானதும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் அடித்து ஸ்னாப்ஷாட். நடுவில் எஸ்கேப்பையோ அம்புக்குறி விசையையோ தொட்டுவிட்டால் கேமரா பெரும்பாலும் வீட்டுக்கு ஓடிவிடும். மறுபடி முதலிலிருந்து.

அறைக்குள் எடுக்கும்போது பின்வாங்க இடம் இருக்காது, முதுகுக்குப் பின்னால் சுவர் வந்துவிடும். என் சொந்த நிலமாக இருந்தால் நான் சுவரையே எடுத்துத் தள்ளி வைத்துவிடுவேன். பெங்களூர் வாடகை வீட்டில் அப்படிச் செய்தால் ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தருவாரா! மற்றவர் இடத்தில் 0.66 வரை சமாளித்துக்கொள்ளுங்கள்.

50 என்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நான் ஒரு ராத்திரி முழுக்கத் தொலைத்த இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டீபக் செட்டிங்ஸில் கேமராஃபீல்ட்ஆஃப்வியூ என்று இன்னொரு வரி இருக்கிறது. பெயரைப் பார்த்தால் நாம் தேடுவது இதுதான் என்று யாரும் நினைப்பார்கள். அதில் 60 என்று டிகிரியிலேயே அழகாக எழுதியிருக்கும். நானும் அதை 20 ஆக்கினேன், திரையில் ஒன்றுமே மாறவில்லை. 10 ஆக்கினேன், ஊகூம். வியூவரை மூடித் திறந்தேன். டிரைவரைக்கூடப் புதுப்பித்தேன். விடியற்காலை பால்காரர் வருகிற நேரம்தான் விஷயம் புரிந்தது. அந்த வரி டெப்த் ஆஃப் ஃபீல்டுக்கானது, அதாவது பின்னணியை மங்கலாக்கும் கணக்குக்கு மட்டும். பார்வைக் கோணத்துக்கு கேமராஆங்கிள் ஒன்றுதான்.

கேமராஃபோகல்லெங்த் என்பதும் இதே ஜாதி. அதில் முதலிலிருந்தே 50 என்று இருக்கும். உடனே நான் 50 மி.மீ. லென்ஸில்தானே எடுக்கிறேன் என்று நினைத்துவிடுவோம். நிஜத்தில் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது 21 மி.மீ. காட்சி. அந்த 50உம் மங்கல் கணக்குக்குத்தான்.

டெப்த் ஆஃப் ஃபீல்டைப் போட்டுத்தான் எடுப்பேன் என்பவர்களுக்கு இன்னொன்று. கேமராஆங்கிளைக் குறைக்கக் குறைக்க மங்கலும் தானாகக் கூடும், உண்மையான நீள லென்ஸில் நடப்பதுபோலவே. 60 டிகிரியில் அழகாக இருந்த எஃப் எண் (லென்ஸ் திறப்பின் அளவு; எண் குறைந்தால் மங்கல் கூடும்), 16 டிகிரிக்கு வந்ததும் கண்ணை மட்டும் தெளிவாக விட்டுக் காதைக் கரைத்துவிடும். தொடக்கத்தில் எஃப் எண் 9 என்று இருக்கும். அதை 2.8க்கு இறக்கிவிட்டு அப்புறம் கோணத்தைக் குறைக்காதீர்கள். கோணத்தை முடிவு செய்த பிறகு எஃப் எண்ணைத் தொடுங்கள். திரையில் பார்த்ததைவிடப் பெரிய அளவில் ஸ்னாப்ஷாட்டைச் சேமித்தால் மங்கல் குறைந்து தெரியும். அதனால் ஒரு சோதனைப் படம் சேமித்துத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

தூரம் போனால் பொருள்கள் சப்பையாகின்றன

பின்னால் போவதற்கு ஒரு விலை உண்டு. தூரத்திலுள்ள பொருள்களை வியூவர் எளிமையான வடிவத்தில் வரைந்து கணினியின் சுமையைக் குறைக்கிறது. விளைவு, சில நேரம் பூந்தொட்டி முக்கோணமாகிவிடும், நாற்காலிக் கால் காணாமல் போகும். டீபக் செட்டிங்ஸில் ரெண்டர்வால்யூம்எல்ஓடிஃபேக்டர் என்ற வரியைப் படம் எடுக்கிற நேரத்துக்கு மட்டும் 4 ஆக்குங்கள். பின்னணியில் மலையோ கோபுரமோ வேண்டுமென்றால் டிரா டிஸ்டன்ஸையும், அதாவது வியூவர் எவ்வளவு தூரம் வரை வரைகிறது என்பதையும், கூட்ட வேண்டும். செகண்ட் லைஃபில் ஒரு ரீஜன், அதாவது ஒரு நிலப்பகுதி, 256 மீட்டருக்கு 256 மீட்டர், பக்கத்து ரீஜனில் இருக்கும் மலை 128 மீட்டர் டிரா டிஸ்டன்ஸில் எப்படித் தெரியும்? எடுத்து முடித்ததும் இரண்டையும் இறக்கிவிடுங்கள். தம்பியின் லேப்டாப் விசிறி பிஎம்டிசி பஸ் மாதிரி உறுமத் தொடங்கியது இதனால்தான்.

அகலக் கோணம் எப்போது

இவ்வளவு சொன்னதால் 60 டிகிரியே பாவம் என்று நினைக்க வேண்டாம். பெரிய வானம், நீண்ட கடற்கரை, குடைபோல விரிந்த மரத்தின் அடியில் சின்னதாக ஒரு ஆள், இதற்கெல்லாம் 60, ஏன் 75கூட அழகு. ஆளைச் சட்டத்தின் ஓரத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள், ரப்பரை இழுத்ததுபோல அகலமாகிவிடுவார். வீட்டின் உள்பக்கத்துக்கு நான் அகலக் கோணத்தைத் தவிர்க்கிறேன். மிதக்கும் கேமராவுக்கு இடம் வேண்டுமென்பதால் அங்கே வீடுகளையே உயரமும் அகலமுமாகத்தான் கட்டுகிறார்கள். அதை அகலக் கோணத்தில் எடுத்தால் படுக்கையறை கல்யாண மண்டபமாகிவிடும்.

உயரமான கட்டடம் பின்பக்கம் சாய்ந்து விழுவதுபோல வந்தால் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்திருக்கிறீர்கள் என்று பொருள். அகலக் கோணத்தில் அது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். அல்சூர் சோமேஸ்வரர் கோயில் கோபுரத்தை அடியில் நின்று போனில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே தெருக்கோடி வரை பின்னால் போய், குறுக்கே ஓடும் வயர்களைச் சபித்துக்கொண்டு எடுக்க வேண்டும். செகண்ட் லைஃபில் கேமராவைக் கட்டடத்தின் பாதி உயரத்துக்குத் தூக்கி நேராகப் பார்க்க வைத்தால் முடிந்தது.

அன்று மாலைக்குள் தம்பிக்கு ஒரு நல்ல முகப்படம் கிடைத்துவிட்டது. கடைப் படத்தைவிட நன்றாகவே இருந்தது. ஃப்ளிக்கரில் ஏற்றிவிட்டு, மிச்சமிருந்த வத்தக்குழம்பை டப்பாவில் வாங்கிக்கொண்டு கிளம்பினான். மறுநாள் ராத்திரி போன்.

"அக்கா, எல்லாம் குழாய்க்குள்ள பாக்கிற மாதிரி இருக்கு. நடந்தா சுவத்துல முட்டுறேன். கேம் கெட்டுப்போச்சா?"

வியூவரை மூடித் திறந்தாலும் கேமராஆங்கிள் கடைசியாக வைத்த எண்ணிலேயே நிற்கும் என்பதைச் சொல்ல மறந்திருந்தேன்.

"கன்ட்ரோல் 9 அடிடா" என்றேன்.